நஸ்ரீன் ஸ்ரீரங்கத்துக்கு எதுக்குப் போனா

1

நஸ்ரீன்.

நாப்பது நாளுக்கு மேல இந்த போன்ல உன் பேரை நான் அடிக்கல. முதல் எழுத்து அடிச்சாலே போன் தானா உன் பேரைக் காட்டுது. பாத்தவுடனே மூடி வச்சிடுவேன். இதுவரைக்கும் நான் எழுதுனது எல்லாத்தையும் நீதான் படிச்சுத் திருத்தி குரூப்ல போடுவே. இது மட்டும் திருத்தாம போகுது. திட்டாதே.

குரூப்ல இருக்கறவங்க எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். நான் ரியாஸ். திருச்சி பாலக்கரை. இப்ப ஷார்ஜாவுல ஒரு லாண்டரில வேலை. ஒம்பதாவது பாதியில நின்னவன். நஸ்ரீன் என் தங்கச்சி, என்னைவிட ரெண்டு வயசு சின்னவ. மலைக்கோட்டைக்குக் கீழ ஒரு ஜவுளிக் கடையில பில் போடற வேலை பாத்தா. அவதான் என்னை இந்த வாசகர் குரூப்ல சேத்து விட்டா. மாசம் ஒருத்தர் என்ன படிச்சோம்னு எழுதணும், மத்தவங்களுக்கு ஒரு புக்காவது சொல்லணும். இந்த மாசம் முறை என்னுது. அட்மின் கோமதி அக்கா, "தம்பி, உனக்கு இப்ப முடியலன்னா விட்டுரு, வேற ஆளை எழுதச் சொல்றேன்"னாங்க. நானே எழுதறேன்க்கான்னு சொல்லிட்டேன்.

ஏன்னா ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நஸ்ரீன் கடையில அரை நாள் லீவு போட்டுட்டு, வீட்ல யார்கிட்டயும் சொல்லாம, தனியா ஸ்ரீரங்கம் போனா. அங்க ரோட்டைத் தாண்டறப்ப ஒரு லோடு வண்டி இடிச்சு மௌத்தாயிட்டா. கல்யாணம் நிச்சயமான பொண்ணு எதுக்கு அங்க போனா, யாரைப் பாக்கப் போனான்னு ஊர்ல என்னென்னமோ பேசறாங்க.

அவ எதுக்குப் போனான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இத்தனை நாளா வாயைத் திறக்கல. பயம்தான். இப்ப எழுதறப்பவும் அதே பயம்தான். ஆனாலும் எழுதறேன்.

2

என் வேலையைச் சொன்னாத்தான் மத்தது புரியும். ஓட்டல்லேருந்து வர்ற பெட்ஷீட்டு, தலகாணி உறை, துண்டு, எல்லாம் மூட்டை மூட்டையா வரும். துவைச்சு வர்ற ஷீட்டை ரெண்டு பேர் ஆளுக்கு ரெண்டு முனையாப் பிடிச்சு ஒரு பெரிய சூடான ரோலருக்குள்ள விடணும். அந்தப் பக்கம் மடிச்சு வரும். காலையில ஆறு மணிலேருந்து இதான். எதுத்தாப்ல நிக்கறவன் நேப்பாளி. அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. ரெண்டு வருஷமா ஒரே துணியோட ரெண்டு பக்கத்தையும் பிடிச்சுக்கிட்டு நிக்கறோம்.

வந்த புதுசுல தமிழ்ல பேச ஆளில்லாம பைத்தியம் பிடிச்சிரும் போல இருந்துச்சு. ரூம்ல யாரோ விட்டுட்டுப் போன ஒரு தமிழ் புக்கு கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. முதல் இருபது பக்கமும் இல்ல, கடைசியும் இல்ல. ஒரு எழுத்து ஒரு எழுத்தா கூட்டிப் படிச்சேன். கம்பெனி பஸ்ல போக முக்கா மணி நேரம், வர முக்கா மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு பக்கம் ஓடும். இதை நஸ்ரீன்கிட்ட சொன்னப்ப அவ நம்பல.

"நீயா? புக்கா? ஸ்கூல் நோட்டுல ராக்கெட் செஞ்சு விட்டவன்தானே நீ?"

"நெசமாத்தான்டி. முடிவு இல்ல இந்த புக்குல. கதை என்னாச்சுன்னே தெரியல."

"பேரைச் சொல்லு. தேடித் தரேன்."

"அட்டையும் இல்ல."

அவ சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. அப்புறம் அவளே புக்கு அனுப்ப ஆரம்பிச்சா.

வழக்கமா இந்த இடத்துல இந்தப் புக்கு படிங்கன்னு பேரோட எழுதணும். கோமதி அக்கா மன்னிக்கணும், இந்தத் தடவை நான் பேர் எழுதல. நான் படிங்கன்னு சொல்லி, உங்கள்ல ஒருத்தர் அதைத் தேடி எங்கயாச்சும் கெளம்பிப் போயி, வழியில ஏதாச்சும் ஆயிட்டா? சிரிக்காதீங்க. எனக்கு இப்ப அப்படித்தான் தோணுது. யாராச்சும் குரூப்ல "இதோ வாங்கிட்டேன், கடையிலேருந்து வந்துட்டிருக்கேன்"னு போட்டா, அவங்க வீடு வந்து சேந்துட்டேன்னு போடற வரைக்கும் எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. போன வாரம் ஒருத்தர் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பழைய புக்கு கடையிலேருந்து போட்டோ போட்டுட்டு அப்புறம் ஆளையே காணோம். மூணு தடவை "ஸார் வீட்டுக்குப் போயிட்டீங்களா"ன்னு கேட்டேன். அவர் பாவம், "தூங்கிட்டேன் தம்பி, என்ன விஷயம்?"னாரு. என்ன விஷயம்னு இப்பத் தெரிஞ்சிருக்கும்.

3

இங்கேருந்து ஊருக்கு லீவுல போறவங்க திரும்பி வர்றப்ப எல்லார் வீட்டுப் பொருளும் கொண்டு வருவாங்க. ஊறுகா, பருப்புப் பொடி, மூட்டு வலித் தைலம், மருந்து மாத்திரை. திருச்சி ஏர்போர்ட்ல எடை பாக்கறப்ப கூடிப் போச்சுன்னா அங்கயே பெட்டியைத் திறந்து, யார் பொருளைத் தூக்கிப் போடறதுன்னு முழிப்பாங்க. முதல்ல தூக்கிப் போடறது புக்கைத்தான். நஸ்ரீன் முதல்ல அனுப்புன தடிப் புக்கு அப்படித்தான் ஏர்போர்ட்லயே நின்னுருச்சு. கொண்டு வந்தவர் என்கிட்ட, "தம்பி, மொளகாப் பொடியா புக்கான்னு வந்துச்சு. மன்னிச்சுக்க"ன்னாரு.

அதுக்கப்புறம் யார் கேட்டாலும் ஒரே பேச்சுதான். கால் கிலோவுக்கு மேல எடுக்க மாட்டேன்.

நஸ்ரீன் என்ன பண்ணா தெரியுமா? பிளேடு எடுத்து புக்கை முதுகுல நடுவால அறுத்துட்டா. பாதி, பாதி. ரெண்டு பாதியையும் ஊசி நூல் போட்டுத் தைச்சு, பழைய காலண்டர் தாளுல அட்டை போட்டா. முதல் பாதியை அவ முதல்ல படிப்பா. படிச்சு முடிச்சதும் வர்றவங்க யார்கிட்டயாவது எனக்குக் குடுத்து விடுவா. நான் அதைப் படிக்கறப்ப அவ ரெண்டாவது பாதி படிப்பா. அது அடுத்த ஆள்கிட்ட வரும். நான் ரெண்டையும் படிச்சிட்டு இங்கேருந்து போறவங்ககிட்ட திருப்பி அனுப்பிருவேன். அவ ரெண்டையும் ஒண்ணாச் சேத்துத் தைச்சு உங்கள்ல யாருக்காச்சும் குடுப்பா. உங்க வீட்ல நடுவுல சிவப்பு நூல் போட்டுத் தைச்ச புக்கு இருந்துச்சுன்னா, அது ஷார்ஜா வந்து போன புக்கு.

முதல் பாதியோட கடைசிப் பக்கத்துல பென்சில்ல எழுதுவா, "இனி என்ன நடக்கும்? சொல்லு"ன்னு. நான் என் கணிப்பை அவளுக்கு அனுப்பணும். அதை அவ குரூப்ல போட்டு என் மானத்தை வாங்குவா. லாரி டிரைவருங்க கதையில கிளீனர் பையன்தான் முதலாளியோட தொலைஞ்சு போன மகன்னு நான் சொன்னப்ப கோமதி அக்கா என்ன எழுதுனாங்கன்னு ஞாபகம் இருக்கா? "தம்பி, நீ துணி தேய்ச்சது போதும், சினிமாவுக்கு வா"ன்னு. அன்னிக்கு பஸ்ல நான் தனியா சிரிச்சிட்டு வந்தேன். டிரைவர் கண்ணாடியில பாத்தான்.

எங்க அத்தாவுக்கு இது பிடிக்காது. அத்தா தெப்பக்குளம் பக்கம் பை கடை வச்சிருக்காரு. தோல் பை, ஸ்கூல் பை, பயணப் பை. "ஊர்க்காரன் பெட்டியில எடம் கேட்டு அலையறதுக்கு என் புள்ளைங்க என்ன அநாதையா? திங்கற பொருளா இருந்தாக் கூட சரி, கதை புக்கு!"ன்னு சத்தம் போட்டாரு. நிச்சயம் ஆனதுக்கப்புறம் அவளைத் தனியா எங்கயும் அனுப்பறதும் இல்ல. கடை, கடை விட்டா வீடு. அதனால எங்க ரெண்டு பேரோட புக்கு வேலையெல்லாம் அத்தாவுக்குத் தெரியாமத்தான் நடந்துச்சு. அம்மாவுக்கும் அரைகுறையாத்தான் தெரியும்.

4

கடைசியா வந்த முதல் பாதி ஒரு படகுக்காரன் கதை. அவன் பொண்டாட்டி படகுல ஏறுனது நெசம், கரைக்கு வந்து பாத்தா காணோம். நடு ஆத்துல என்னாச்சுன்னு தெரியாம அவன் ஊர் ஊராத் தேடறான். கடைசியில ஒரு வீட்டுக் கதவைத் தட்டறான். கதவு திறக்குது. உள்ள நின்னது யாருன்னு சொல்றதுக்குள்ள பாதி முடிஞ்சிருச்சு. சரியா அந்த இடத்துல பிளேடு வச்சிருக்கா. வேணும்னேதான் பண்ணிருக்கா, கழுதை.

எனக்கு வேலையே ஓடல. அவளைக் கெஞ்சுனேன்.

"யாருன்னு மட்டும் சொல்லுடி."

"பார்சல்ல வரும்."

"சொன்னா என்ன கொறஞ்சா போயிருவே?"

"போடா அண்ணே. நான் மட்டும் தூங்காம படிச்சேன்ல. நீயும் தவி."

எங்க கம்பெனில ஏசி மெக்கானிக்கா இருக்கறவர் கண்ணன் அண்ணன். ஸ்ரீரங்கத்துக்காரர். அவர் லீவுல ஊர்ல இருந்தாரு. அவர் திரும்பற நாளை நான் தப்பா நெனச்சிட்டிருந்தேன். இன்னும் ஒரு வாரம் இருக்குன்னு நெனச்சேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அவரே மெசேஜ் போடறாரு, நாளைக்குக் காலையில பிளைட், பெட்டி கட்டியாச்சு, ஏதாவது வேணுமான்னு. அவரை விட்டா அடுத்து ஊர்லேருந்து வர ஆளு ரெண்டு மாசத்துக்கு இல்ல.

உடனே நஸ்ரீனுக்கு போன் போட்டேன். அவ கடையில பில் போட்டுட்டு இருந்தா.

"இப்பவே போய் குடுத்துட்டு வந்துரு. உத்திர வீதிதான். அவங்க அம்மா வீட்ல இருப்பாங்க."

"இப்ப எப்படிண்ணே? புக்கு வீட்ல இருக்கு. அத்தாகிட்ட என்ன சொல்றது?"

"அத்தாகிட்ட ஏன் சொல்ற? லீவு போடு. வீட்டுக்குப் போய் எடுத்துக்க. போயிட்டு வர ஒரு மணி நேரம். நாலு மணிக்கு நான் போன் பண்ணுவேன், அதுக்குள்ள வீட்டுக்கு வந்துருவே."

"யாராச்சும் பாத்தா?"

"பாத்தா என்ன? புக்கு குடுக்கப் போனேன்னு சொல்லு."

அப்புறம், "சரி, வை"ன்னா.

நான் விடல, அதான் விஷயம். பத்து நிமிஷம் கழிச்சு திரும்ப போட்டேன், கெளம்பிட்டியான்னு. திரும்ப ஒரு தடவை, பஸ் ஏறிட்டியான்னு. அவ இன்னும் வீட்ல புக்கு எடுத்துட்டிருந்தா போல, மூணாவது தடவை எடுத்தப்ப எரிஞ்சு விழுந்தா. "நீ இப்படி நொய்யு நொய்யுன்னு போன் போட்டீனா நான் எதை எடுத்தேன்னே எனக்குத் தெரியாது, வை போனை!"

அதான் நாங்க கடைசியாப் பேசுனது.

நாலு மணிக்கு போன் போட்டேன். யாரோ ஆம்பளை எடுத்தாரு. "ஏம்ப்பா, இந்தப் பொண்ணுக்கு நீ என்ன வேணும்?"னு கேட்டாரு. இப்ப யாராச்சும் எனக்கு போன் பண்ணி முதல் வார்த்தையா "ஏம்ப்பா"ன்னா நான் கட் பண்ணிடறேன்.

5

சூப்பர்வைசர் பெங்காலி. அவர்கிட்ட எனக்குத் தெரிஞ்ச வார்த்தையில சொன்னேன். "மேரா சிஸ்டர் கலாஸ்." கலாஸ்னா முடிஞ்சிருச்சு. டிராலி காலியானா கலாஸ், ஷிப்ட் முடிஞ்சா கலாஸ், சோப்பு தீந்துட்டா கலாஸ். இந்த ஊருக்கு வந்து நான் ஒழுங்காக் கத்துக்கிட்ட ஒரே வார்த்தை. என் தங்கச்சிக்கு அதைத்தான் சொல்ல முடிஞ்சுது.

அவருக்குப் புரிஞ்சுது. தோளைப் பிடிச்சு உக்கார வச்சாரு. ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க ஒரு ஃபாரம் குடுத்தாங்க. அவசர லீவுக்கு அம்மா, அத்தா, பொண்டாட்டி, புள்ள, அவ்ளோதான் கட்டம். தங்கச்சிக்குக் கட்டம் இல்ல. மேல கேட்டுச் சொல்றோம்னாங்க. கேட்டுச் சொல்றதுக்குள்ள அங்க ஜனாஸா எடுத்தாச்சு. எங்கள்ல ரொம்ப நேரம் வைக்க மாட்டாங்க. மாமா பையன் போன்ல வீடியோ காட்டுனான். பள்ளிவாசல் வரைக்கும் தெரிஞ்சுது. கபர்கிட்ட போறப்ப சிக்னல் போயிருச்சு. திரும்ப வந்தப்ப மண்ணு தள்ளி முடிச்சிட்டாங்க.

நெசத்தைச் சொல்றேன். லீவு கெடைக்கலன்னதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு ஓரத்துல நிம்மதியா இருந்துச்சு. அத்தா மூஞ்சியைப் பாக்க வேணாம்ல. இதை எழுதறதுக்கு எனக்கு அசிங்கமா இருக்கு.

ரெண்டு நாள் கழிச்சு கண்ணன் அண்ணன் என் ரூமுக்கு வந்தாரு. கையில காலண்டர் தாள் சுத்துன பொட்டலம். அவருக்கு எதுவும் தெரியாது. "இந்தாப்பா உன் பாதி. நான் கடைத் தெருவுக்குப் போயிருந்தேன், அம்மாகிட்ட குடுத்துட்டுப் போயிருக்கு தங்கச்சி"ன்னு சிரிச்சிக்கிட்டே நீட்டுனாரு. நான் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "ரியாஸு, உங்க அத்தாவுக்கு நான் போன் பண்ணி சொல்லட்டுமா? எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சுன்னு?"னாரு.

"வேணாண்ணே. உங்க கால்ல விழறேன். வேணாம்."

"உங்க அம்மா அத்தா மனசுல வேற ஏதாவது நெனச்சிக்க மாட்டாங்களாப்பா?"

"நான் சொல்லிக்கறேண்ணே."

சொல்லல.

அந்தப் பொட்டலத்தை பன்னெண்டு நாள் பெட்டிக்குள்ளயே வச்சிருந்தேன். தொடறதுக்கே பயம். வேலைக்குப் போறப்ப பெட்டியைப் பூட்டிட்டு ரெண்டு தடவை இழுத்துப் பாப்பேன், உள்ளேருந்து என்னமோ வெளிய வந்துரும் போல. பதிமூணாவது நாள் பிரிச்சேன்.

அது படகுக்காரன் கதை இல்ல. லாரி டிரைவருங்க கதையோட ரெண்டாவது பாதி. நான் எப்பவோ படிச்சு முடிச்சு, போன ரம்ஜானுக்கு முன்னாடியே திருப்பி அனுப்புன பாதி, அவ இன்னும் சேத்துத் தைக்காம வச்சிருந்திருக்கா. ரெண்டும் ஒரே தடிமன், ரெண்டுக்கும் ஒரே காலண்டரோட தாளு. அவசரத்துல மாத்தி எடுத்துட்டா. நான்தான் மூணு தடவை போன் போட்டேனே.

அவ உயிரு போனது தப்பான பாதிக்கு.

6

இதுவரைக்கும் நான் எழுதுனது என் பாவம். இனிமே எழுதறது அவளைப் பத்தி.

நஸ்ரீனுக்கு நிச்சயம் பண்ண வீடு வையம்பட்டிப் பக்கம். துக்கத்துக்கு வந்தவங்க முதல்ல நல்லாத்தான் அழுதாங்க. அப்புறம் கேள்வி வந்துச்சு. கடைக்குப் போன பொண்ணு ஸ்ரீரங்கத்துல ஏன்? லீவு ஏன் போட்டா? வீட்ல ஏன் சொல்லல? அவ ஒரு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்ததை யாரோ பாத்திருக்காங்க. எந்த வீடுன்னு தெரியாது, வாசல்ல நின்னா, அது மட்டும் போதுமே பேசறதுக்கு. யாரோ ஒருத்தன் கூட்டிட்டுப் போனான்னாங்க. ஓடிப் போகக் கெளம்புனான்னாங்க. பேர் கூட வச்சாங்க.

அத்தா கடையைத் திறக்கறதை நிறுத்திட்டாரு. தொழுகைக்குப் பக்கத்துப் பள்ளிக்குப் போகாம தூரத்துப் பள்ளிக்குப் போறாருன்னு அம்மா சொன்னாங்க. நான் தினமும் போன்ல "அத்தா எப்படி இருக்காரு"ன்னு கேப்பேன். அம்மா பதில் சொல்ற வரைக்கும் அந்த ரெண்டு செகண்டு எனக்கு உயிர் போயிட்டு வரும்.

நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுனாங்க. அன்னிக்கு மாப்பிள்ளையோட பெரியம்மா சாப்பாட்டுத் தட்டைக் கையில வச்சிக்கிட்டே எங்கம்மா காதுபட சொல்லிருக்காங்க. "கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சுதே, அதுவரைக்கும் நல்லது."

அம்மா அதை என்கிட்ட சொல்லி அழுதாங்க. "எம்புள்ள அப்படிப்பட்டவளா ரியாஸ்? நீதானே அவகூட தினமும் பேசுவே. உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

நான் போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு ரோலர் முன்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். நேப்பாளி அந்தப் பக்கம் துணியைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாக்கறான். என் கையிலேருந்து ஷீட்டு நழுவிருச்சு. "அம்மா, அத்தாகிட்ட போனைக் குடுங்க"ன்னேன்.

"சொல்லு ரியாஸ். சாப்டியா?"

அவர் எப்பவும் அதான் முதல்ல கேப்பாரு.

"அத்தா, நஸ்ரீனை நான்தான் ஸ்ரீரங்கத்துக்கு அனுப்புனேன்."

"என்ன?"

"கண்ணன் அண்ணன் மறுநாள் பிளைட் ஏறுனாரு. அவர்கிட்ட குடுத்து விட ஒரு புக்கு. அதைக் குடுக்கத்தான் போனா. அத்தாகிட்ட சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன்."

"என்ன புக்கு?"

"கதை புக்கு. பாதி."

"பாதின்னா?"

அறுக்கறது, தைக்கறது, கால் கிலோ, புக்கு குரூப்பு, எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டுச்சு.

"டேய், அரைப் புக்கு குடுக்கறதுக்கா எம்பொண்ணு காவேரியைத் தாண்டிப் போனா? செத்துப்போன புள்ளையைக் காப்பாத்தணும்னு கதை கட்டறியா நீ? புக்கு படிச்சுப் படிச்சு இதான் கத்துக்கிட்டியா?"

திட்டுவாருன்னு பயந்தேன். அடிச்சிருந்தாக்கூட வாங்கிக்குவேன். நம்ப மாட்டாருன்னு நான் நெனச்சே பாக்கல. நாப்பது நாள் கழிச்சு வாயைத் திறந்து உண்மையைச் சொன்னா அது பொய்யாப் போயிருச்சு. எனக்கு அவ்ளோ பயம் அதுவரைக்கும் வந்ததில்ல. வேலையை அப்படியே போட்டுட்டு போனைக் காதுல அழுத்திக்கிட்டு கத்துனேன், "அவ பீரோவைத் திறங்க அத்தா! கீழ்த் தட்டுல பாருங்க!"

நஸ்ரீன் பீரோவை அதுவரைக்கும் யாரும் திறக்கல. அம்மாவுக்கு மனசு வரல. சாவி தேடற சத்தம் கேட்டுச்சு. கதவு திறக்கற சத்தம். அப்புறம் அம்மா ஒவ்வொண்ணா எடுத்து வைக்கறது கேட்டுச்சு. அத்தாவோட மூச்சும் கேட்டுச்சு.

அம்மாதான் படிச்சுக் காட்டுனாங்க. காலண்டர் தாள் அட்டை மேல அவ எழுதி வச்சிருக்கா. "அண்ணனுக்கு, ரெண்டாவது பாதி. படகு." அனுப்ப வேண்டிய பாதி அங்கயே இருந்துச்சு. பக்கத்துல பிளேடு, சிவப்பு நூல்கண்டு, ஊசி. இன்னும் ரெண்டு மூணு பாதிப் புக்கு.

அத்தா போனை வச்சிட்டாரு.

7

மறுநாள் அத்தாவும் அம்மாவும் சத்திரத்துல பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போயிருக்காங்க. முன்னாடியே கண்ணன் அண்ணன்கிட்ட வீடு எதுன்னு கேட்டு நான்தான் அம்மாவுக்கு அனுப்புனேன். அங்க நடந்ததை அம்மா சொன்னபடியே எழுதறேன்.

கண்ணன் அண்ணனோட அம்மா கதவைத் திறந்திருக்காங்க. அவங்களுக்கு எதுவுமே தெரியாது. தாங்க மாட்டாங்கன்னு அண்ணன் சொல்லாம வச்சிட்டாரு. அத்தா நஸ்ரீன் போட்டோவைக் காட்டி, "இந்தப் பொண்ணு இங்க வந்துச்சாம்மா?"ன்னு கேட்டிருக்காரு.

"வந்தாளே! கண்ணன் ஊருக்குப் போறதுக்கு முதல் நாள். ஒரு பொட்டலத்தைக் குடுத்து, அண்ணனுக்குன்னா. உள்ள வாடீன்னேன். இல்ல மாமி, நாலு மணிக்குள்ள ஆத்துக்குப் போகணும், அண்ணன் போன் பண்ணுவான்னா. வேர்த்து விறுவிறுத்து நின்னா கொழந்தை. ஒரு வாய் தீர்த்தமாவது சாப்பிட்டுட்டுப் போன்னு குடுத்தேன். சொம்பைக் காலி பண்ணிட்டுப் போனா. ஏன், என்ன ஆச்சு? பொண்ணு சௌக்கியமா?"

அத்தா சொல்லிருக்காரு. அந்த மாமி "பெருமாளே"ன்னு வாசப்படியில அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டாங்களாம். அன்னிக்கு தெருக்கோடியில ஏதோ விபத்துன்னு ஜனங்க ஓடுனப்ப அவங்க உள்ளயே இருந்துட்டாங்களாம். நம்ம ஆத்துக்கு வந்த பொண்ணுன்னு தெரியலையேன்னு தலையில அடிச்சிக்கிட்டு அழுதிருக்காங்க.

எங்கத்தா அவங்க எதுத்தாப்ல தரையில உக்காந்துட்டாரு. "எம்புள்ள தவிச்ச வாயோட போகலம்மா. கடைசியா நீங்க தண்ணி குடுத்து அனுப்பிருக்கீங்க. அல்லா உங்களை நல்லா வைப்பான்"னு சொல்லிருக்காரு.

அன்னிக்கு சாயங்காலம் எனக்கு அத்தாகிட்டேருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. கழுவுற இடத்துல போய் நின்னுக்கிட்டுக் கேட்டேன். இவ்ளோதான் பேசிருந்தாரு. "என்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது. அந்தப் புக்கு குரூப்ல எழுது. எல்லாத்தையும் எழுது. பேசுனவங்க எல்லார் கண்ணுலயும் படணும். அதுக்கப்புறம் நீ என்கூடப் பேசு." சாப்டியான்னு கேக்கல.

அதான் எழுதிட்டேன். பேசுனவங்கள்ல ரெண்டு பேர் இந்தக் குரூப்லயும் இருக்கீங்க. யாருன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க வீட்லயும் அவ தைச்ச புக்கு இருக்கு. அதைக் கையில எடுத்துப் பாருங்க, அவ்ளோதான் கேக்கறேன். நீங்க பேசுனதுல பாதி என்மேல வர வேண்டியது. நான் வாயை மூடிக்கிட்டிருந்ததாலதான் உங்களுக்குப் பேச எடம் கெடைச்சுது. கோமதி அக்கா, இதை வையம்பட்டிக்கும் அனுப்பி விடுங்க. அந்தப் பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னா யாராச்சும் சத்தமாப் படிச்சுக் காட்டட்டும்.

நஸ்ரீன் யார்கூடயும் போகல, யாரையும் பாக்கவும் போகல. அண்ணன் கேட்டான்னு ஒரு பொட்டலம் குடுத்துட்டு, ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு, வீட்டுக்குத் திரும்பிக்கிட்டிருந்தா.

எனக்கு இன்னும் பயம் போகல. அத்தா பேசுவாரா தெரியல. மறுமையில அல்லா முன்னாடி அவ என்னைப் பாத்து என்ன கேப்பாளோ. எனக்காக ஒண்ணும் கேக்காதீங்க. அவளுக்காகக் கேளுங்க. துஆ செய்யறவங்க அவ கபர் விசாலமா, வெளிச்சமா இருக்கணும்னு துஆ செய்யுங்க. ஸ்ரீரங்கத்துல, திருவானைக்காவல்ல இருக்கறவங்க நாளைக்குக் கோயிலுக்குப் போனா அங்க நின்னு அவளை ஒரு தடவை நெனைச்சுக்கங்க. சர்ச்சுக்குப் போறவங்க ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க. எந்த வாசல்ல நின்னு கேட்டாலும் சரி, அவ பேரை முழுசாச் சொல்லிக் கேளுங்க. நஸ்ரீன் பானு. அவளை ஆண்டவன் மன்னிச்சு, பக்கத்துல வச்சுக்கணும்னு எல்லாரும் கேளுங்க.